'தி' எங்கே போடுவது, எங்கே விடுவது? ஒரு எழுத்தால் மானம் போகிறது

இரவு_ஷிப்ட்:

வணக்கம் நண்பர்களே. சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் சப்போர்ட் வேலை. கிளையன்ட் அமெரிக்காவில், அதனால் ராத்திரி முழுக்க விழிப்பு, ராத்திரி முழுக்க ஆங்கில மெயில். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். பேசுவதில் பெரிய பயம் இல்லை, எழுதும்போதுதான் இந்த 'தி' என்னைப் படுத்தி எடுக்கிறது.

போன மாதம் நடந்தது இது. கிளையன்டின் கிளை அலுவலகம் ஒன்றில் மூன்று பேருக்கு லாகின் ஆகவில்லை. பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது, அவ்வளவுதான் விஷயம். நான் எழுதியது: 'தி யூசர்ஸ் ஆர் நாட் ஏபிள் டு லாக் இன்.' அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஒரு கான்ஃபரன்ஸ் கால் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் பதினான்கு பேர், அங்கேயிருந்து ஒரு பெரிய தலை 'மொத்தக் கம்பெனியும் நின்றுவிட்டதா' என்று கேட்கிறார், இங்கே வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த என் மேனேஜரையும் எழுப்பிவிட்டார்கள். மூன்றே பேர் என்று தெரிந்ததும் அங்கே சிரித்துவிட்டார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து பயந்துபோய் 'தி'யையே விட்டுவிட்டேன். 'ப்ளீஸ் ரீஸ்டார்ட் சர்வர்', 'இஷ்யூ இஸ் ரிசால்வ்டு' என்று எழுதினால் டீம் லீட் அதையும் சிவப்பில் திருத்தி அனுப்புகிறார், எல்லா இடத்திலும் 'தி'. போட்டாலும் உதை, விட்டாலும் உதை.

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது மூன்று விஷயம். 'தி' என்றால் 'அந்த'. முதல் முறை சொன்னால் 'எ', இரண்டாம் முறை சொன்னால் 'தி'. உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தால் 'தி', சூரியன் சந்திரன் மாதிரி. சரி, கடவுளும் ஒன்றுதானே, அவருக்கு ஏன் 'தி' இல்லை? யாராவது விதி எண்பது தராமல், மண்டையில் ஏறுகிற மாதிரி சொல்லுங்களேன்.

சும்மா_வந்தவன்:

எங்கள் ஆபீஸில் ஒருவர் இருக்கிறார், சந்தேகம் வந்தால் போட்டுவிடுவார். 'தி சென்னை இஸ் வெரி ஹாட்', 'ஆஃப்டர் தி லஞ்ச் ஐ வில் கால் தி குமார்'. உங்களிடம் எடுத்ததை எல்லாம் அவர் வாங்கிக்கொண்டார் போலிருக்கிறது.

ஓய்வு_வாத்தியார்:

தம்பி, உங்கள் பள்ளிக்கூடத்தில் என்னைப் போன்ற ஒரு ஆள்தான் பாடம் எடுத்திருப்பார். முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் நடத்தினேன், முப்பத்தொரு வருடமும் 'தி என்றால் அந்த' என்றுதான் கரும்பலகையில் எழுதினேன். பாதி உண்மை. மீதிப் பாதி உங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

'அந்த' என்பது விரல் நீட்டுகிற சொல். பலவற்றில் இதுதான் என்று பிரித்துக் காட்டும். 'தி' விரல் நீட்டாது. 'எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்' என்று கேட்பவரைப் பார்த்துத் தலையாட்டுவதோடு சரி. ஒரு உதாரணம் சொல்கிறேன், இதை நடத்தியிருந்தால் என் மாணவர்கள் பிழைத்திருப்பார்கள்.

'நேற்று ஒரு கல்யாணத்துக்குப் போனேன். சாப்பாடு பிரமாதம். மாப்பிள்ளை மட்டும் கொஞ்சம் முறைப்பாகவே இருந்தார்.'

இதை ஆங்கிலத்தில் சொன்னால் கல்யாணத்துக்கு 'எ', சாப்பாட்டுக்கு 'தி', மாப்பிள்ளைக்கும் 'தி'. சாப்பாட்டை இதற்கு முன்னால் எங்கேயாவது சொன்னோமா? மாப்பிள்ளையைச் சொன்னோமா? இல்லை. அப்படியானால் 'இரண்டாம் முறை சொன்னால் தி' என்ற விதி இங்கேயே படுத்துவிட்டது. கல்யாணம் என்று சொன்னவுடன் பந்தியும் மாப்பிள்ளையும் கூடவே வந்துவிடுகிறார்கள், எந்த மாப்பிள்ளை என்று யாரும் கேட்கப்போவதில்லை, அதனால் 'தி'. தமிழில் 'அந்தச் சாப்பாடு', 'அந்த மாப்பிள்ளை' என்று போட்டுப் பாருங்கள், ஏதோ வம்புக்கு இழுக்கிற மாதிரி இருக்கும். 'அந்த'வும் 'தி'யும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆகவே எழுதும்போது உங்களைக் கேட்காதீர்கள், மெயிலைப் படிக்கப்போகிறவரைக் கேளுங்கள்: 'எது?' என்று அவர் திருப்பிக் கேட்பாரா? கேட்கமாட்டார் என்றால் 'தி'. கேட்பார் என்றால் 'எ', பன்மையாக இருந்தால் 'சம்' அல்லது எண்ணிக்கை, சில சமயம் ஒன்றுமே இல்லை. உங்களுக்கு எது என்று தெரிந்திருப்பது ஒரு பொருட்டே இல்லை. மூன்று பேர் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும், அந்த அமெரிக்கருக்குத் தெரியாது. அவர் பார்வையில் 'தி யூசர்ஸ்' என்றால் 'நம் இருவருக்கும் தெரிந்த அந்த மொத்தக் கூட்டமும்'. பன்மைக்கு முன்னால் 'தி' வந்தால் அந்த வகையில் ஒன்றுவிடாமல் எல்லாம் என்றுதான் படும். 'த்ரீ யூசர்ஸ்' என்று எழுதியிருந்தால் உங்கள் மேனேஜர் விடியும்வரை தூங்கியிருப்பார்.

கடவுளுக்குப் பிறகு வருகிறேன், கரண்ட் போகப்போகிறது.

மொழிப்பைத்தியம்:

வாத்தியார் சொன்னது அருமை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 'தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை, அதனால் நமக்கு வராது' என்று ஒரு பேச்சு உண்டு. 'எ', 'ஆன்', 'தி' மாதிரியான ஆர்ட்டிகிள் இல்லைதான். இந்தியிலும் இல்லை, ரஷ்ய மொழியிலும் சீனத்திலும் ஜப்பானியத்திலும் இல்லை, லத்தீனிலேயே கிடையாது. ஆனால் 'கேட்பவருக்குத் தெரிந்தது, தெரியாதது' என்ற உணர்வு தமிழனுக்கு நாக்கிலேயே இருக்கிறது. எங்கே தெரியுமா? இரண்டாம் வேற்றுமை 'ஐ'யில்.

'புத்தகம் வாங்கினேன்.' 'புத்தகத்தை வாங்கினேன்.' இரண்டும் ஒன்றா? முதலாவது ஏதோ ஒரு புத்தகம், அல்லது பல. இரண்டாவதைச் சொன்னால், நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த புத்தகம். 'கதவைச் சாத்து' என்று அம்மா சொன்னால் எந்தக் கதவு என்று யாரும் கேட்பதில்லை, அது 'தி டோர்'. 'கதவு வாங்க வேண்டும்' என்றால் மரக்கடைக்குப் போக வேண்டும், அது 'எ டோர்'.

இன்னும் நல்ல உதாரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. 'பெண் பார்க்கப் போனார்கள்', 'பெண்ணைப் பார்க்கப் போனார்கள்'. முதலாவதில் பஜ்ஜி சொஜ்ஜி உண்டு, எந்தப் பெண் என்று இன்னும் முடிவாகவில்லை, ஒரு சடங்கு மாதிரி. இரண்டாவதில் குறிப்பிட்ட ஒரு பெண், ஆஸ்பத்திரியிலோ ஹாஸ்டலிலோ இருப்பவளாகக்கூட இருக்கலாம். ஒரு 'ஐ' எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள். இதை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஐந்து வயதிலேயே சரியாகப் பேசினோம்.

ஒரு சின்னக் கிளைக்கதை: ஆங்கிலத்தின் 'எ', 'ஆன்' இரண்டும் பழைய ஆங்கிலத்தில் 'ஒன்று' என்ற சொல்லிலிருந்து தேய்ந்து வந்தவை, நம் 'ஒரு', 'ஓர்' மாதிரியே. உயிருக்கு முன்னால் 'ஓர்', உயிருக்கு முன்னால் 'ஆன்', அதுவும் பொருந்துகிறது. 'தி'யும் ஆதியில் 'தட்' குடும்பத்துச் சுட்டுச்சொல்தான். அதாவது ஒரு காலத்தில் அது 'அந்த'வாகவே இருந்தது, ஆயிரம் வருடத்தில் விரல் மடங்கிவிட்டது. வாத்தியார் கரும்பலகையில் எழுதியது தப்பில்லை, கொஞ்சம் காலதாமதம், அவ்வளவுதான்.

ஓய்வு_வாத்தியார்:

காலதாமதம்! நன்றாகச் சொன்னீர்கள் ஐயா. சட்டம் போட்டு மாட்டலாம்.

மொழிபெயர்ப்பாளினி:

'ஐ' உதாரணம் அழகாக இருக்கிறது, பெண் பார்க்கும் உதாரணம் அதைவிட அழகு. ஆனால் இதை விதியாக எடுத்துக்கொண்டு இரவு_ஷிப்ட் நாளைக்கு மெயில் எழுதினால் வேறு பள்ளத்தில் விழுவார், அதனால் குறுக்கே வருகிறேன். பதினேழு வருடமாகத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுகிறேன், மற்றவர்கள் மாற்றியதைத் திருத்துகிறேன். நான் தினமும் சிவப்பு மையால் அடிக்கிற 'தி'க்களில் பாதி இந்த 'ஐ' கொண்டுவந்து விட்டவைதான்.

'இயற்கையை நேசிக்கிறேன்.' 'ஐ' இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் 'ஐ லவ் நேச்சர்', 'தி' கிடையாது. 'வாழ்க்கையைப் புரிந்துகொள்', 'சமூகத்தை மாற்று', 'தமிழை வளர்ப்போம்' எல்லாம் இதே கதை. நம்மவர்கள் எழுதுவது 'தி நேச்சர்', 'தி லைஃப்', 'தி சொசைட்டி'. ஒரு பொருளை அல்ல, பொதுவாக அந்த விஷயத்தையே பேசினால் ஆங்கிலம் வெறுமனே விட்டுவிடும். 'லைஃப் இஸ் ஹார்டு'. அதையே யாருடையது என்று கட்டிப்போட்டால் 'தி' வந்துவிடும்: 'தி லைஃப் ஆஃப் எ ஃபிஷர்மேன்'. பன்மையும் அப்படித்தான். 'டாக்ஸ் பார்க்' என்றால் நாய் என்றால் குரைக்கும். 'தி டாக்ஸ் ஆர் பார்க்கிங்' என்றால் நம் தெரு நாய்கள், இந்த நிமிடம்.

அப்புறம் 'ஒரு வீட்டை வாங்கினார்' என்று தாராளமாகச் சொல்கிறோம். சொல்பவருக்கு எந்த வீடு என்று தெரியும், கேட்பவருக்குத் தெரியாது, 'ஐ' வந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'எ ஹவுஸ்'தான். ஆட்களுக்கோ பெரும்பாலும் 'ஐ' இல்லாமல் வாக்கியமே நிற்காது, 'ஒரு டாக்டரைப் பார்த்தேன்' என்றுதான் சொல்ல முடியும். எழுவாயில் வந்தாலோ 'ஐ' வரவே வராது, 'சர்வர் விழுந்துவிட்டது' என்பதில் எதைத் தேடுவீர்கள்? ஆகவே 'ஐ' நல்ல நண்பர், நீதிபதி இல்லை. தீர்ப்புக்கு வாத்தியாரின் 'எது என்று கேட்பாரா' கேள்விக்கே திரும்பிப் போங்கள்.

ஆர்ட்டிகிள் விட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 1969 ஜூலையில் நிலவில் கால் வைத்த ஆர்ம்ஸ்ட்ராங் சொன்னது 'ஒன் ஸ்மால் ஸ்டெப் ஃபார் மேன், ஒன் ஜயன்ட் லீப் ஃபார் மேன்கைண்ட்' என்றே உலகம் கேட்டது. 'ஃபார் எ மேன்' என்று சொல்லத்தான் நினைத்தேன் என்று அவர் பிறகு சொன்னார். அந்த 'எ' இல்லாவிட்டால் 'மேன்' என்பதற்கு மனித இனம் என்றே பொருள், ஆக மனித இனத்துக்குச் சின்ன அடி, மனித இனத்துக்குப் பெரிய தாவல் என்று வாக்கியம் தன் காலிலேயே இடறுகிறது. அந்த 'எ' சொல்லப்பட்டதா, இரைச்சலில் தொலைந்ததா என்று ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு இன்றும் சண்டை.

இரவு_ஷிப்ட், உங்களிடம் ஒரு கேள்வி. நாள் முழுக்க நீங்கள் படிக்கிற ஆங்கிலம் எது? நாவலா, செய்தியா, வேறு ஏதாவதா?

இரவு_ஷிப்ட்:

நாவலா, எனக்கா? ராத்திரி முழுக்க லாக் ஃபைல்தான் அக்கா, கம்ப்யூட்டர் தானாக எழுதிவைக்கிற குறிப்பு. 'ஃபைல் நாட் ஃபவுண்ட்', 'டிஸ்க் ஃபுல்', 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு', 'சர்வர் ரீஸ்டார்ட்டடு சக்சஸ்ஃபுல்லி'. காலையில் பஸ்ஸில் வரும்போது ஃபோனில் தலைப்புச் செய்தி.

ஒரு நிமிடம். இதில் எதிலுமே 'தி' இல்லையே!

மொழிபெயர்ப்பாளினி:

அதேதான். சந்தேகப்பட்டுத்தான் கேட்டேன். எர்ரர் மெசேஜ், செய்தித் தலைப்பு, மருந்து டப்பா, லிஃப்ட்டில் ஒட்டியிருக்கிற நோட்டீஸ், சமையல் குறிப்பு, இவையெல்லாம் இடம் மிச்சம் பிடிக்க ஆர்ட்டிகிளைத் தின்றுவிட்ட ஆங்கிலம். 'மேன் பைட்ஸ் டாக்' என்பது தலைப்புக்குச் சரி, அதையே கீழே செய்தியாக எழுதும் நிருபர் 'எ மேன்', 'எ டாக்' என்றுதான் தொடங்குவார். பத்து வருடமாக நீங்கள் தந்தி மொழியைச் சாப்பிட்டுவிட்டு மெயிலிலும் தந்தி அடிக்கிறீர்கள். 'ப்ளீஸ் ரீஸ்டார்ட் சர்வர்' என்பதைத் தப்பு என்பதைவிட லாக் ஃபைல் பேசுவது மாதிரி இருக்கிறது என்று சொல்லலாம். தினமும் ஒரு செய்தியைத் தலைப்போடு விடாமல் கடைசி வரி வரை படியுங்கள், 'தி' வரும் இடமெல்லாம் விரலை வைத்து 'எது?' என்று கேளுங்கள். ஆங்கிலத்திலேயே அதிகமாக வருகிற சொல் அது, அதனால் தேட வேண்டிய கஷ்டம் இல்லை.

தேம்ஸ்_கரை_நர்ஸ்:

நான் யாழ்ப்பாணம், இப்போது லண்டனில் நர்ஸ் வேலை, பதினொரு வருடம். வந்த புதிதில் எனக்கும் இதே தலையிடிதான், அதனால் தம்பிக்கு என் பங்குக்குக் கொஞ்சம்.

இங்கே ஒருவர் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தால் 'ஹி இஸ் இன் ஹாஸ்பிட்டல்', 'தி' இல்லை. நான் வேலைக்குப் போனால் 'ஐ ஆம் அட் தி ஹாஸ்பிட்டல்'. ஒரே கட்டடம். நோயாளியாகப் போனால் ஒன்று, வேறு காரியமாகப் போனால் இன்னொன்று. பள்ளிக்கூடம், சிறை, சர்ச் எல்லாம் இப்படித்தான். பிள்ளை 'கோஸ் டு ஸ்கூல்', அதன் அப்பா ஹெட்மாஸ்டரைப் பார்க்கப் போனால் 'டு தி ஸ்கூல்'. திருடன் 'இன் பிரிசன்', அவனைப் பார்க்கப் போன தாய் 'அட் தி பிரிசன்'. அந்த இடம் எதற்கு இருக்கிறதோ அதற்கே போனால் 'தி' விழுந்துவிடும் என்று ஒரு சிஸ்டர் எனக்குச் சொல்லித் தந்தார், அன்றைக்குப் பிறகு மறக்கவில்லை. தம்பிக்கு ஒரு எச்சரிக்கை: உங்கள் கிளையன்ட் அமெரிக்கர். அவர்கள் நோயாளிக்கும் 'இன் தி ஹாஸ்பிட்டல்' என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கும் சிறைக்கும் எங்களைப் போலத்தான், ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்காதீர்கள்.

நோய்களுக்கு இன்னொரு கணக்கு. 'டயபிடிஸ்', 'கேன்சர்', 'நிமோனியா' எதற்கும் ஒன்றும் வேண்டாம். காய்ச்சலுக்கு 'எ ஃபீவர்', தலையிடிக்கு 'எ ஹெடேக்', தடிமனுக்கு 'எ கோல்டு'. 'ஃப்ளூ'வுக்கு மட்டும் 'தி ஃப்ளூ'. இதற்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், ஆட்களின் பெயரைப் போல மனப்பாடம் செய்துவிடுங்கள். வார்டில் நாங்கள் எழுதுகிற குறிப்பில் 'பேஷன்ட் கம்ப்ளெயின்ஸ் ஆஃப் செஸ்ட் பெயின்' என்று ஆர்ட்டிகிளே இராது. அக்கா சொன்ன தந்தி மொழிதான் அதுவும். அதையே அவருடைய டாக்டருக்குக் கடிதமாக எழுதும்போது 'தி பேஷன்ட்' என்று வந்தே ஆக வேண்டும்.

சும்மா_வந்தவன்:

லண்டன் பிரிட்ஜுக்கு 'தி' உண்டா அக்கா?

தேம்ஸ்_கரை_நர்ஸ்:

இல்லை. 'லண்டன் பிரிட்ஜ்', 'டவர் பிரிட்ஜ்', சும்மாதான். ஆனால் பக்கத்திலேயே இருக்கிற கோட்டை 'தி டவர் ஆஃப் லண்டன்'. நடுவில் 'ஆஃப்' வந்தால் முன்னால் 'தி' வர வாய்ப்பு அதிகம் என்பது என் அனுபவம். கீழே ஓடுகிற ஆறு 'தி தேம்ஸ்'. அமெரிக்காவில் பாலத்துக்கும் 'தி கோல்டன் கேட் பிரிட்ஜ்'.

ஓய்வு_வாத்தியார்:

கரண்ட் வந்துவிட்டது. அந்த 'ஆஃப்' விஷயம் நன்றாகப் பிடித்திருக்கிறீர்கள் அம்மா. 'மெட்ராஸ் யூனிவர்சிட்டி' என்றால் வேண்டாம், 'தி யூனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்' என்றால் வேண்டும். 'இந்தியா' தனியாக நிற்கும், 'தி ரிபப்ளிக் ஆஃப் இந்தியா' நிற்காது. 'தி பே ஆஃப் பெங்கால்'. ஆறு, கடல், மலைத்தொடர் எல்லாவற்றுக்கும் 'தி', 'தி காவேரி', 'தி அரேபியன் சீ', 'தி வெஸ்டர்ன் காட்ஸ்'. ஒற்றைச் சிகரத்துக்கு வேண்டாம். நீலகிரி ஆங்கிலத்தில் மலைகளின் பன்மை, அதனால் 'தி நீல்கிரிஸ்', மாவட்டத்தின் ஆங்கிலப் பெயரே 'தி'யோடுதான் இருக்கிறது. அதற்குள்ளேயே நிற்கிற தொட்டபெட்டாவுக்கு ஒன்றும் கிடையாது, 2,637 மீட்டர் உயரம் இருந்தும். ஏரிக்கும் வேண்டாம், 'ஊட்டி லேக்'.

நாடுகளில் பன்மையாக ஒலிப்பவை 'தி' கேட்கும்: நெதர்லாந்து, பிலிப்பைன்ஸ், மாலத்தீவு, பிறகு 'ஸ்டேட்ஸ்' வருகிற அமெரிக்கா. கேம்பியா தனி ரகம், பிடிவாதமாக 'தி கேம்பியா'. உக்ரைனை ஒரு காலத்தில் 'தி உக்ரைன்' என்றார்கள், 1991-இல் தனி நாடான பிறகு அதை விட்டுவிட்டார்கள். 'தி' போட்டால் நாடு மாதிரி இல்லாமல் எங்கேயோ ஒரு பிரதேசம் மாதிரி இருக்கிறது என்பது அவர்கள் மனக்குறை. ஒரு சின்னச் சொல்லுக்குள் எல்லைப் பிரச்சினை.

சரி, கடவுள். ஒன்றே ஒன்று என்பதால் சூரியனுக்கு 'தி' என்று நான் நடத்தியது அரைகுறை. 'சன்' ஒரு பொதுச்சொல், நம்மிடம் ஒன்றுதான் இருப்பதால் எது என்று யாரும் கேட்பதில்லை, ஆகவே 'தி சன்'. 'காட்' என்று பெரிய எழுத்தில் எழுதும்போது அது அவருடைய பெயர். பெயருக்கு 'தி' வேண்டாம், உங்கள் ஆபீஸ் குமாருக்கு வேண்டாததைப் போலவே. அதே கடவுளைப் பெயராக இல்லாமல் பலரில் ஒருவராகச் சொன்னால் உடனே வந்துவிடும்: 'முருகா, தி காட் ஆஃப் தி ஹில்ஸ்'. செவ்வாய், வியாழன் கோள்களும் பெயர்கள், வேண்டாம். நிலவுக்கு 'தி மூன்', ஆனால் பௌர்ணமி மாதத்துக்கு மாதம் வருவதால் 'எ ஃபுல் மூன்'.

சும்மா_வந்தவன்:

பெயருக்கு வேண்டாம் என்றால் 'தி ஹிந்து' பத்திரிகை?

மொழிப்பைத்தியம்:

அங்கே 'தி'யும் சேர்ந்தே பெயர். தமிழில் நாளிதழ் தொடங்கியபோதும் 'தி இந்து' என்றே வைத்தார்கள், ஆர்ட்டிகிளே இல்லாத மொழியில் ஒரு ஆர்ட்டிகிள் முதல் பக்கத்தில் தினமும் உட்கார்ந்திருந்தது. பிற்பாடு 'இந்து தமிழ் திசை' ஆனபோதுதான் இறங்கியது.

சுருக்கெழுத்துகளையும் சொல்லிவிடுகிறேன், ஆபீஸ் மெயிலில் அதிகம் வரும். எழுத்து எழுத்தாகப் படிக்கிற அமைப்புகளுக்கு 'தி': 'தி ஆர்பிஐ', 'தி சிபிஐ', 'தி யூஎன்'. ஒரே சொல்லாகப் படித்தால் வேண்டாம்: 'இஸ்ரோ', 'நாசா', 'யுனெஸ்கோ'. கம்பெனிப் பெயர் எழுத்து எழுத்தாக இருந்தாலும் பொதுவாக வேண்டாம். உச்சரிப்பும் கவனம், உயிரொலிக்கு முன்னால் 'தி', மெய்யொலிக்கு முன்னால் 'த'. எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பாருங்கள். எம்எல்ஏவுக்கு 'தி', ஏனென்றால் 'எம்' என்றுதான் வாய் திறக்கிறது. யூனிவர்சிட்டிக்கு 'த'.

இரவு_ஷிப்ட்:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி முழுக்க இதையே படித்துக்கொண்டிருந்தேன், கிளையன்டின் புகார் டிக்கெட் இரண்டு தேங்கிவிட்டது. இப்போது அனுப்ப வேண்டிய மெயில் இது, அனுப்புவதற்கு முன் பாருங்கள்:

'எ யூசர் ரிப்போர்ட்டடு அன் எர்ரர் திஸ் மார்னிங். தி எர்ரர் இஸ் காஸ்டு பை எ ஃபுல் டிஸ்க். ப்ளீஸ் ரீஸ்டார்ட் தி சர்வர் ஆஃப்டர் தி லஞ்ச்.'

மொழிபெயர்ப்பாளினி:

முதல் இரண்டு வாக்கியம் கச்சிதம். 'அன் எர்ரர்', அப்புறம் 'தி எர்ரர்', பள்ளிக்கூட விதி பொருந்துகிற இடம் அதுதான். லஞ்சில் 'தி' எடுங்கள். சாப்பாட்டு வேளைக்கு வேண்டாம், குமாரை அழைத்த ஆளோடு சேர்ந்துவிடுவீர்கள். கல்யாண விருந்து மாதிரி ஒரு குறிப்பிட்ட சாப்பாடு என்றால் மட்டும் போடலாம்.

'தி சர்வர்' பற்றி ஒரு கேள்வி. அவர்களிடம் எத்தனை சர்வர் இருக்கிறது?

இரவு_ஷிப்ட்:

நாற்பது.

மொழிபெயர்ப்பாளினி:

எது என்று கேட்பாரா, மாட்டாரா?

இரவு_ஷிப்ட்:

ஐயோ. கேட்பார். கேட்காமல் நாற்பதையும் ரீஸ்டார்ட் செய்தாலும் செய்வார்.

ஓய்வு_வாத்தியார்:

எண்ணைப் போட்டுவிடுங்கள் தம்பி. பின்னால் எண் வந்தால் முன்னால் 'தி' வேண்டாம், 'பிளாட்ஃபார்ம் 3', 'ரூம் 12', 'பேஜ் 40' மாதிரி.

இரவு_ஷிப்ட்:

'ப்ளீஸ் ரீஸ்டார்ட் சர்வர் 17 ஆஃப்டர் லஞ்ச்.' அனுப்பிவிட்டேன். ஒரு 'தி'கூட இல்லை, டீம் லீட் இதை மட்டும் சிவப்பில் திருத்தவில்லை.

பின்குறிப்பு: மதியம் செய்துவிட்டார்கள். மேனேஜர் தூங்கிக்கொண்டிருக்கிறார்.